ஓரத்துச் சிப்பாய்

ராணி அங்கே வந்து ஏன் நிற்கிறாள் என்பதுதான் தெய்வசிகாமணிக்குப் பிடிபடவில்லை. மாவு மில் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கோதுமை டப்பாவைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்; கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை நீட்டித் தள்ளிவைத்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ராணி அங்கேதான் நின்றாள், அவருடைய ஓரத்துச் சிப்பாய்க்கு ஒரு கட்டம் சாய்வாக, காவலுக்கு ஆளில்லாமல், வெட்டினால் வெட்டிக்கொள் என்பதுபோல. சதுரங்கம் கற்றுக்கொண்டு ஒரு வாரம் ஆன பிள்ளைகூட ராணியை இப்படிக் கொண்டுபோய் நிறுத்தாது. ஜெசிந்தா நிறுத்தியிருக்கிறாள். தூத்துக்குடியில், தன் வீட்டுக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடி, சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஒரு விரலால் ராணியை இழுத்து வந்து இங்கே விட்டிருக்கிறாள். இழுத்து வந்து விட்டாளா, இல்லை அடுத்த கட்டத்துக்குப் போகிற வழியில் விரல் சோர்ந்துபோய் இங்கே விழுந்துவிட்டதா? அடுத்த கட்டம் என்றால் அருமையான இடம். அங்கே போயிருந்தால் அவருடைய ராஜாவுக்கு மூச்சு முட்டியிருக்கும். அப்படியானால் விரல்தான். விரலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் விரல் என்றால் 'விரல்' என்று சொல்லியிருப்பாளே. காலையில் வந்த நகர்த்தல் இது. சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்து, வசந்தாமணி டப்பாவைக் கையில் கொடுத்து மில்லுக்கு விரட்டியும் ஆயிற்று. அவளிடமிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. உள்ளே இயந்திரம் யாருடைய ராகியையோ அரைத்துக்கொண்டிருந்தது. பெஞ்சு அதிர்ந்தது, டப்பா அதிர்ந்தது, போன் அதிர்ந்தது, ராணி மட்டும் அசையவில்லை.

'அறுபத்துநாலு' என்று அந்தக் குழுவுக்குப் பெயர். வாட்ஸப்பில் பேச்சு, செஸ் ஆப்பில் ஆட்டம். காரைக்காலில் ஒருவர், துபாயில் ஒருவர், திருப்பூரில் நான்கைந்து பேர், பினாங்கில் ஒரு பல் டாக்டர், உடுமலைப்பேட்டையில் நூற்பாலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணி. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, ஆனால் யாருக்கு எந்தக் குதிரை பிடிக்கும், யார் தோற்கப்போகும்போது சாப்பிடப் போய்விடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. குழுவுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கைதவறிக் காய் வேறு கட்டத்தில் விழுந்துவிட்டால் 'விரல்' என்று ஒரு சொல் போட வேண்டும், எதிராளி மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் குழுவில் வாயைத் திறக்கக் கூடாது. தோற்றவர்தான் சொல்ல வேண்டும், எங்கே தோற்றேன் என்று, தன் கையால். அதற்குப் பிறகு ஜெயித்தவர் சொல்லலாம், அதுவும் 'நல்லா ஆடுனீங்க' என்ற ஒன்றை மட்டும். ஜெயித்தவன் பீற்றிக்கொள்ளாமலிருக்கவும் தோற்றவன் கற்றுக்கொள்ளவும் நல்ல ஏற்பாடு என்று தெய்வசிகாமணி மெச்சியதுண்டு. பொய் சொல்கிறவனுக்கு அது எத்தனை பெரிய தொந்தரவு என்று அப்போது அவர் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்போது ஜெசிந்தா நன்றாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மதிய இடைவேளையில் விறுவிறுவென்று ஆடி, அவருடைய யானை இரண்டையும் கட்டிப்போட்டு, மணியடித்ததும், "மிச்சத்தைச் சாயங்காலம் அழுதுக்கிடுங்க அண்ணாச்சி" என்று குரல் அனுப்பிவிட்டு ஓடிவிடுவாள். பிறகு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றாள். பாதம் மரத்துப்போகிறது என்றாள். செருப்பு நழுவுவது தெரியமாட்டேனென்கிறது அண்ணாச்சி என்று சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை, குரலும் வரவில்லை, அவளுடைய தங்கை டெல்மாதான் குழுவுக்கு எழுதினாள்: கில்லன் பாரே என்று ஒரு நோயாம், உடம்பின் காவல் அணுக்களே நரம்பைத் தின்றுவிடுமாம், காலில் தொடங்கி மேலே ஏறி மூச்சுவரைக்கும் வந்துவிட்டது, தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள், கண்ணை மட்டும் திறந்து மூடுகிறாள், காது நன்றாகக் கேட்கிறது, யாராவது ஏதாவது பேசி அனுப்புங்கள்.

தெய்வசிகாமணி பேசி அனுப்பினார். அதை நினைக்கும்போது மட்டும் இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. அதனால் ஆட்டங்களைச் சொன்னார். சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய், துணிக்கொடிக்கு அடியில் நாற்காலி போட்டு, எப்போதோ அவர்கள் இருவரும் ஆடிய ஆட்டம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலாக, இடையிடையே அவள் யோசிக்க நேரம் விட்டு, போனுக்குள் சொல்வார். "உங்க குதிரை இப்ப எறங்குதுங்கம்மா. நான் மந்திரிய வெச்சுத் தடுக்கறனுங்க. அது தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியும், எனக்குத்தான் தெரியல." டெல்மா அதை அவள் காதோரம் வைப்பாளாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாளாம். ஒருமுறை அவர் ஒரு நகர்த்தலை மாற்றிச் சொல்லிவிட்டார், வயசு, கவனப்பிசகு. கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்து திறந்து மூடி, டெல்மா எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டக் காட்ட, கடைசியில் பிறந்த சொல் 'யானை'. குதிரை இல்லை, யானை. டெல்மா அதை எழுதியபோது மொட்டை மாடியில் நின்றுகொண்டு தெய்வசிகாமணி அழுதார். அவ்வளவு கெட்டியாக இருந்த மூளைக்குத்தான் பிறகு அவர் பால்புட்டியை நீட்டினார். அதுதான் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. குழாயை எடுத்து, வீட்டுக்கு வந்து, வலக்கை ஆள்காட்டி விரல் உயிர் பெற்றதும் அவள் முதலில் கேட்டது ஆட்டம். அந்த ஆட்டத்தில் அவர் ஒழுங்காக ஆடினார். சீக்கிரமே தோற்றுப்போனாள். வழக்கப்படி குழுவில் எழுதினாள், ஒற்றை விரலால்: "எல்லாமே தப்பு." அதற்குப் பிறகு பேச்சில்லை. டெல்மாதான் தனியே கூப்பிட்டாள், குரலைத் தணித்துக்கொண்டு. "அக்கா சொவத்தப் பாத்துப் படுத்துருக்கா அண்ணாச்சி. பிசியோக்காரப் பிள்ளை வந்தா கையக் குடுக்க மாட்டேங்கா. எதுக்குன்னு கேக்கா." எதுக்குன்னு கேக்கா. அந்தக் கேள்வி அவரைச் சாப்பிடவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு குதிரையைச் சும்மா விட்டார். இரண்டு நகர்த்தல் கழித்து ஒரு யானையை. தோற்றார். குழுவில் எழுதினார்: "ஓரத்துச் சிப்பாயைக் கவனிக்கல. வயசாகுதுங்க." ஜெசிந்தாவிடமிருந்து பதில் வர வெகுநேரமானது, எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்திருக்கும்: "நல்லா ஆடுனீங்க அண்ணாச்சி." மறுநாள் பிசியோக்காரப் பெண்ணுக்குக் கையைக் கொடுத்தாளாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு ஆட்டம், ஒரு மாத்திரை மாதிரி. நிறுத்தத் தெரியவில்லை மனுஷனுக்கு.

"ஏனுங்க சார்." மில்காரர் நாச்சிமுத்து வாசலுக்கு வந்து நின்றார், புருவமெல்லாம் மாவு. "அடுத்தது உங்க டப்பாதானுங்க. கொண்டாங்க." தெய்வசிகாமணி எழப்போனார். அதற்குள் மஞ்சள் பையும் மிளகாய் மூட்டையுமாக ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அண்ணா, என்னையக் கொஞ்சம் முன்னால விடுறீங்களா? இந்த பஸ்ஸ உட்டா எங்கூருக்கு இனி ராத்திரிக்குத்தானுங்க." "பரவால்லீங்க, நீங்க போங்க," என்று இவர் உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சார், அது மொளகா. மொளகா மெசினு பெல்ட்டு அத்துப்போச்சு, இன்னிக்கு அல்லாமே ஒரே மெசின்லதான். அதுக்குத்தான மொளகாயக் கடைசியா வெச்சுக்கறது. அதுக்கப்புறம் உங்க கோதுமையப் போட்டா காரம் ஏறிக்குங்க." "பரவால்லீங்க," என்றார் தெய்வசிகாமணி மறுபடியும். "ஒரு பிடி அரிசியப் போட்டு ஓட்டியுட்டா போயிராதுங்களா?" "போற வரைக்கும் போகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" தெரிந்துதான் சொன்னார். பரவாயில்லை என்பது அவருக்கு ஒரு சொல்லே அல்ல, இருமல் மாதிரி, தன்னால் வந்துவிடும். நூற்பாலையில் மற்றவன் ஷிஃப்ட்டைத் தான் பார்த்தது, சொந்தக் கல்யாணத்தில் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து ரசம் மட்டும் சாப்பிட்டது, ஒன்றா இரண்டா. வசந்தாமணி சொல்வாள், "உங்களுக்கு விட்டுக்குடுக்கறது நல்ல மனசுன்னு நெனப்பு. எதுத்து நிக்கப் பயம், அவ்வளவுதான்." உள்ளே மிளகாய் விழுந்தது. வாசல்வரை நெடி எட்டியது. மூன்று தும்மல் போட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் திரும்பவும் ராணியைப் பார்த்தார்.

வெட்ட வேண்டும். சிப்பாயைத் தொட்டு ராணிமேல் வைத்தால் தீர்ந்தது. ஆனால் இந்த ஆட்டம் போன ஆட்டங்களைப் போல இல்லை. போன வாரம்தான் குரல் அனுப்பியிருந்தாள், தொண்டை இன்னும் கரகரப்புத்தான், ஆனாலும் பழைய துள்ளல் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. தலைமையாசிரியை அம்மா வீட்டுக்கு வரப்போகிறார்களாம், ஜூனில் வருகிறாயா என்று கேட்கப்போகிறார்களாம். "கரும்பலகைல நான் எழுத வேண்டாமாம் அண்ணாச்சி. வாயால சொன்னாப் போதும், பிள்ளைங்க எழுதிக்கிடும். மூளைக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லுதாரு. அவரு சொன்னா ஆச்சா? எனக்குல்லா தெரியணும். இந்த ஆட்டமும் ஜெயிச்சிட்டேன்னா வாரேன்னு சொல்லிருவேன்." அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கடைசியில் ஒன்று சொன்னாளே. "எல்லாரும் எங்கிட்டக் கைப்பிள்ளைட்டப் பேசுத மாதிரிதான் பேசுதாங்க. நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி பாவம் பாக்காம நேரா ஆடுதீங்க." அந்தக் குரலை அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்காமலே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நேரா ஆடுதீங்க. அவள் தன்னை அளந்துகொள்ள வைத்திருந்த ஒரே படியின் அடியைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, நிரம்பிவிட்டது பார் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார் இத்தனை மாதமும். இப்போது வெட்டினால்? அது விரலாக இருந்தால்? சொல்ல ரோஷப்பட்டுக்கொண்டு, விரல் என்று சொல்லாமல் இருக்கிறாளோ? பள்ளிக்கூடம் போகப்போகிறவள் விரல் விரல் என்று கெஞ்சுவாளா? வெட்டினால் தோற்பாள், தோற்றால் வரவில்லை என்று சொல்லிவிடுவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், எதுக்குன்னு கேப்பா. வெட்டாவிட்டால் ஜெயிப்பாள், பள்ளிக்கூடம் போவாள், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கணக்கில் தடுமாறி நிற்பாள், அப்போது அவளைத் தாங்க எந்தச் சிப்பாய் இருக்கும்? இல்லை, தடுமாறவே மாட்டாள், யானை என்று கண்ணால் சொன்னவள். யானை என்று கண்ணால் சொன்னவள் ராணியை இங்கே நிறுத்துவாளா? அங்கேதான் நினைப்பு போய்த் தட்டியது, தட்டியதும் அவசரமாகத் திரும்பிக்கொண்டது. மகள் நினைவு வந்தது. எட்டு வயதில் மகளோடு கேரம் ஆடும்போது சிவப்புக் காயை அவளுக்கு என்றே விட்டுவைப்பார். ஒருநாள் பிள்ளை ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்துபோனாள். "அப்பா எங்கூட ஆடறதே இல்ல. நான் மட்டுந்தான் ஆடறேன்." எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது கணக்கு டீச்சருக்குத் தெரியாமலா? தெரியாது, தெரியாது, தெரிந்திருந்தால் கேட்டிருப்பாளே, வாய்த்துடுக்கு அவளுக்கு. பின்னே ஏன் கேட்கவில்லை? கேட்க ஒன்றுமில்லை, அதனால்தான் கேட்கவில்லை. விரல்தான். பாவம், விரல்தான். பாவம் என்ற சொல் தன் மனசிலேயே அத்தனை சுலபமாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்குக் கூச்சமாக இருந்தது. மிளகாய்க்காரப் பெண் சூடான பையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "நல்லா இருப்பீங்கண்ணா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதுதான் உறுத்தியது. எத்தனை சாயங்காலங்கள். மொட்டை மாடி இருந்தது, நாற்காலி இருந்தது, போன் இருந்தது. "ஜெசிந்தாம்மா, ரெண்டு மூணு ஆட்டம் நான் விட்டுட்டனுங்க, இனிமே விடமாட்டேன்," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தால், ஒரு வாரம் திட்டியிருப்பாள், அப்புறம் வந்து யானையைக் கட்டிப்போட்டிருப்பாள். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணமாக அவளுடைய நோயைக் காட்டிக்கொண்டார். நிஜத்தில், குழுவில் 'வயசாகுதுங்க' என்று எழுதும்போதெல்லாம் ஒரு சின்ன சுகம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறவனின் சுகம். அந்தச் சுகத்துக்குத்தான் விடாமல் தோற்றாரோ என்னவோ. நாச்சிமுத்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். ஒரு பிடி அரிசி விழுந்த சத்தம், பிறகு கோதுமை. இயந்திரத்தின் குரல் மாறியது. இன்றைக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிவிட்டு, ராத்திரி கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலைக் கொண்டுபோய் ஓரத்துச் சிப்பாய்மேல் வைத்தார். சிப்பாய் ஒளிர்ந்தது, போகக்கூடிய கட்டங்களைக் காட்டியது, ராணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. வெட்டுங்க, வெட்டுங்க சிகாமணி என்று தன்னையே ஏவிக்கொண்டார். தூத்துக்குடியில் ஒரு சுவர் இருக்கிறது. அதை அவர் பார்த்ததே இல்லை, ஆனால் அதன் பச்சை வண்ணம், ஈரம் பூத்த மூலை எல்லாம் அவருக்குத் தெரியும்போல இருந்தது. இந்த ஒரு தடவை. தலைமையாசிரியை வந்து போகட்டும். ஜூன் வரட்டும். கடைசித் தடவை இது. கட்டைவிரல் சிப்பாயைவிட்டு நகர்ந்து, மூலையில் சும்மா கிடந்த மந்திரியை ஒரு கட்டம் தள்ளிவைத்தது.

பதில் உடனே வந்தது. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவள் மாதிரி. காய் எதுவும் நகரவில்லை. திரை ஒரு கணம் இருண்டு, வண்ணக் காகிதத் துணுக்குகள் மேலேயிருந்து உதிர்ந்தன, நடுவில் தங்க எழுத்தில்: எதிராளி விலகிக்கொண்டார், நீங்கள் வென்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. அவள் விலகுவதாவது. நாலு நகர்த்தலில் ஜெயித்திருப்பாளே. ஆப்பில் ஏதோ கோளாறு என்றுகூட நினைத்தார். விரல் பட்டிருக்கும், வேறு எதையோ அழுத்தப்போய் இதில் பட்டிருக்கும், விரல்தான். குழுவைத் திறந்தார். மேலே ஜெசிந்தாவின் பெயர், பக்கத்தில் 'எழுதுகிறார்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். கடைசியில் வந்தது: "ஓரத்துச் சிப்பாயைக் கவனிக்கல. வயசாகுதுங்க."

அவருடைய வரி. புள்ளி மாறாமல். தூத்துக்குடிக்காரி வாயில் என்றைக்கும் வராத அந்த உடுமலைப்பேட்டை 'ங்க'வோடு. அப்படியானால் ராணியும் விரல் இல்லை. குழு சிரித்தது. திருப்பூர்க்காரர் ஒருவர், டீச்சர் அண்ணனை அப்படியே பேசிக் காட்டுறாங்க என்று எழுதினார். பினாங்கு பல் டாக்டர் கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டார். துபாய்க்காரர், "சார், பழைய ஆளா திரும்பிட்டீங்க, வாழ்த்துகள்," என்றார். தெய்வசிகாமணியின் முகம் சூடாகியது. தட்டில் வைத்துக் கொடுத்த வெற்றி இப்படித்தான் இருக்குமா, உடம்பு முழுக்கக் கூசுமா? அவள் இதை எத்தனை மாதமாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த ஆட்டத்திலிருந்து தெரியும் அவளுக்கு? 'நேரா ஆடுதீங்க' என்றாளே, அது தெரியாமல் சொன்னதா, தெரிந்தே கடைசியாக ஒரு வழி விட்டுப் பார்த்ததா? தலைமையாசிரியையிடம் என்ன சொல்லப்போகிறாள்? அவளுடைய அழைப்பு எண்ணை அழுத்தினார். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்து, நின்றது. நாச்சிமுத்து டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அடிப்பாகம் கொதித்தது. "அரிசி போட்டு ஓட்டித்தானுங்க அரைச்சேன். ஆனாலும் காரம் ஏறித்தான் இருக்குது. மொத சப்பாத்திலயே வீட்டுல தெரிஞ்சுரும். எம்பேர்ல பழி போட்டுறாதீங்க." "பரவால்லீங்க," என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார்.

குழுவில் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள், தோற்றவர் சொல்லியாயிற்று, இனி ஜெயித்தவர் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்கு அனுமதித்திருப்பது ஒன்றே ஒன்றுதான். டப்பாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார்: "நல்லா ஆடுனீங்க." இதே வார்த்தையை அவள் ஒவ்வொரு முறையும் அவருக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் எத்தனை முறை தெரிந்தே அனுப்பினாள் என்று இனி அவரால் கேட்க முடியாது. அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.